நாயின் மூக்கு நனைந்த கதை

அந்தக் காலத்தில் ஆடு, மாடு, நாய் எல்லாம் மனிதரோடு வாய்விட்டுப் பேசும். அப்போது நாயின் மூக்கு வறட்டிபோலக் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் கறிக்குழம்பு கொதித்தாலும் அதற்குத் தெரியாது. எதையும் கண்ணால் பார்த்துத்தான் அறிந்துகொள்ளும்.

ஆற்றங்கரையில் ஆட்டுப்பட்டி வைத்திருந்த செங்கோடனும் அவன் மனைவி பாவாயியும் கருவாயன் என்றொரு நாய் வளர்த்தார்கள். மகா கெட்டிக்கார நாய். பட்டியிலிருந்த நூறு ஆட்டின் முகமும் அதற்கு மனப்பாடம். தெரியாத முகம் வேலியைத் தாண்டினால் கேள்வியே கிடையாது, கடிதான். ஒருமுறை மீசையை எடுத்துவிட்டு வந்த செங்கோடனே தன் வீட்டு வாசலில் கடி வாங்கினான்.

பாவாயிக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. தாய்வீடு புறப்படும் முன் அவளுக்கு ஒரே கவலை. பச்சைப் பிள்ளை ஒரு கடி தாங்குமா? நாயைத் துரத்தவும் மனமில்லை. தொட்டில் கட்டி, ஒரு பூசணிக்காயைப் பழஞ்சேலையில் சுற்றி அதில் படுக்க வைத்தாள்.

"கருவாயா, நம்மூட்டுக்குப் பிள்ளை வரப்போகுது. இப்படித்தான் தொட்டில்ல கெடக்கும். பத்திரமாப் பாத்துக்கோணும், தெரியுதா?"

"தெரியுதுங்க ஆத்தா." கருவாயன் பூசணிக்காயை உற்றுப் பார்த்தது. உருண்டை முகம். கண் இல்லை, வாய் இல்லை. "ரொம்பச் சாதுப் பிள்ளைங்க. அழுகவே மாட்டேங்குது."

அவள் போன பிறகும் அது தொட்டிலை விட்டு நகரவில்லை. வீட்டில் காய் எதுவும் இல்லாத ஒருநாள், செங்கோடன் அந்தப் பூசணிக்காயை எடுத்து அரிவாள்மணையில் வைத்தான்.

"ஐயோ, பெத்த பிள்ளைய அறுக்கறாரே!" என்று அலறிக்கொண்டு கருவாயன் அவன் காலைக் கவ்வியது. இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

குழந்தை பிறந்த சேதி கேட்டுப் பார்க்கப் போன செங்கோடன் முதலில் சொன்னது இதைத்தான். "அந்த நாய ஆத்துக்கு அக்கரைல உட்டுர்றேன் பாவாயி. பூசணிக்காயப் பிள்ளைன்னு நம்பி, அத அறுத்ததுக்கு ரெண்டு நாள் சோறு திங்காம அழுதுட்டுக் கெடந்துது. நெசப் பிள்ளையப் பாத்தாக் கொதறிப்போடும்."

பாவாயி சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. "ஒரு பூசணிக்காய்க்கே இப்படி அழுதிருக்கானே, அவன உட்டா வேற யாருங்க கெடைப்பாங்க? தப்பு எம்மேலதானுங்க. பிள்ளைக்கு நாளுக்கொரு மொகம். அதக் கண்ணால எப்படிங்க பழகறது?" குழந்தை படுத்திருந்த துணியை மடித்துக் கொடுத்தாள். "மழை பேஞ்சாத்தானுங்க மண்ணு வாசம் வருது? இத நனைச்சு அவன் மூக்குல வைங்க."

எவ்வளவு எளிய யோசனை! ஆனால் அதுவரை உலகத்தில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

ஈரத்துணி பட்டதும் கருவாயன் திடுக்கிட்டது. பால் வாசனை, வசம்பு வாசனை, அதற்கும் அடியில் இளஞ்சூடான ஒரு வாசனை; எல்லாமே அதற்குப் புதிது.

"ஐயா, இது யாருங்க?"

"நம்ம பிள்ளடா."

மூக்கு காயக் காய வாசனை மங்கியது. கருவாயன் பயந்துபோய் நாக்கால் மூக்கை நக்கி நனைத்துக்கொண்டது. மூன்று மாதம் இதே வேலைதான்.

பாவாயி திரும்பி வந்தாள். இடுப்பில் குழந்தை: மொட்டைத் தலை, கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. கருவாயன் கண்ணுக்கு அது தெரியாத முகம். பிடரி சிலிர்த்தது, பல் தெரிந்தது. செங்கோடன் கம்பை ஓங்கிவிட்டான்.

"அடிக்காதீங்க!" என்ற பாவாயி வாசலிலேயே உட்கார்ந்து குழந்தையை மடியில் இறக்கினாள். நாயின் பல் இன்னும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் இறக்கினாள். அந்தத் தைரியம் யாருக்கு வரும்?

கருவாயன் அப்போது எந்த நாயும் செய்யாததைச் செய்தது. பிறந்த நாள் முதல் நம்பியிருந்த தன் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டது. மூக்கை நீட்டிக் குழந்தையின் உள்ளங்காலில் வைத்தது. ஈரம் பட்டதும் குழந்தை காலை உதைத்துக்கொண்டு சிரித்தது.

"நம்ம பிள்ளைதானுங்க ஆத்தா," என்றது கருவாயன். செங்கோடன் கம்பை வேலிக்கு வெளியே எறிந்தான்.

அன்று முதல்தான் நாயின் மூக்கு எப்போதும் ஈரமாக இருக்கிறது. கொஞ்சம் காய்ந்தாலும் அது நக்கி நனைத்துக்கொள்ளும், வீட்டுப் பிள்ளையின் வாசனை போய்விடக் கூடாதே என்று.