வீட்டார் வரிசை

அருணகிரி ஊரைவிட்டுக் கிளம்பத் தீர்மானித்துவிட்டார். சொல்லிக்கொண்டு போக அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆள்தான். வாய்க்கால்கரை மடத்துச் சங்கிலிச் சாமி.

சாமிக்கு வயது நாற்பத்து மூன்று. மினி பஸ்ஸில் நடத்துநராக இருந்தவர், ஒருநாள் தோல்பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். சீடரான அருணகிரிக்கு அறுபத்து நான்கு. சாமியைக் கண்டால் முட்டுவலியோடு எழுந்து நிற்பார். "சாமியை விடச் சீடருக்கு நரை ஜாஸ்தி" என்று ஊரில் கேலி செய்வார்கள். இரண்டு பேரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அன்று காலை சாமி கீரைப்பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சாமி, நான் மெட்ராஸுக்கே திரும்பிடலாம்னு இருக்கேன்."

"அங்க யாரு இருக்காவ?"

"யாரும் இல்ல."

"இங்க?"

"இங்கயும் இல்லதான். வந்து எட்டு மாசம் ஆச்சு சாமி. கோயில் கொடையில பந்தி பரிமாறினேன். பசங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கறேன். இன்னும் நான் 'மெட்ராஸ் சார்'தான். டீக்கடைக்குப் போனா ரெண்டு வார்த்தையோட பேச்சு நின்னுடுது. ஒரு ஊரோட ஒட்டறதுக்கு மனுஷன் இன்னும் என்னதான் செய்யணும்?"

அவர் சொன்னதெல்லாம் நிஜம். சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது.

வந்த முதல் வாரம், டீக்கடை வேலம்மாள் கேட்டாள், "பிள்ளைய எத்தனை சார்?" என்று.

"ஒரே மக."

"எங்க இருக்கா?"

"கனடாவுல" என்றது வாய். அவர் யோசிக்கக்கூட இல்லை.

மகள் இறந்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. காய்ச்சல் என்று படுத்தவள், நான்காம் நாள் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மின்மயானம். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் முப்பது கும்பிடும் கைகள் வந்தன. அவற்றுக்குக் கீழேயே தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். மறுநாள் லிஃப்டில் எதிர்வீட்டுக்காரர் செல்போனைப் பார்த்தபடியே இறங்கிப் போனார். கெட்ட மனுஷர் இல்லை, என்ன பேசுவதென்று தெரியாத மனுஷர். அதன் பிறகு மகளைப் பற்றி அந்தக் கட்டடத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் அவரால் இருக்க முடியவில்லை.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குத் தீனி போட்டாக வேண்டுமே. "மக பேசுனாளா சார்?" என்பார்கள். "நேத்துதான் பேசினா" என்பார். "அங்க குளிராமே?" என்பார்கள். "பனி கொட்டுதாம்" என்பார். சொல்லிவிட்டுப் பாதி டீயோடு எழுந்துவிடுவார். பாவம், பேச்சை நிறுத்தியது ஊர் இல்லை, அவர்தான். அது அவருக்கும் தெரியும்.

சாமி குடத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"நாளைக்குப் போலாம். இப்ப வாங்க, பேச்சிமுத்து வீட்டுத் துட்டிக்குப் போயிட்டு வந்துருவோம். அவன் அப்பா தவறிட்டாரு."

"என்னை யாரும் கூப்பிடலையே?"

"துட்டிக்கு யாரு அண்ணாச்சி கூப்பிடுவா?"

இரண்டு பேரும் நடந்தார்கள்.

அந்த ஊரில் சாவு வீட்டுக்கு வரும் ஆண்கள் வாயால் துக்கம் விசாரிப்பதில்லை. வீட்டார் பந்தலின் ஓரமாக வரிசையில் நிற்பார்கள். வந்தவர் இரண்டு கைகளையும் நீட்டியபடி அவர்களைக் கடந்து போக வேண்டும். வீட்டார் ஒவ்வொருவரும் அந்தக் கைகளைத் தொடுவார்கள். அவ்வளவுதான். அதற்குக் கேதம் கேட்பது என்று பேர். பெண்கள் கேட்பது வேறு மாதிரி. அவர்கள் உள்ளே போய், கட்டிக்கொண்டு, செத்தவர் பேரைச் சொல்லி ஒப்பாரி வைப்பார்கள்.

வாசலில் யாரோ சாமியை நிறுத்திப் பேசினார்கள். அருணகிரி முன்னால் போய்விட்டார். பந்தலில் ஒரு வரிசை நின்றது. பட்டணத்து மனிதருக்கு வரிசை என்றால் அதன் வாலில் போய் நிற்கத் தெரியும். ரேஷன் கடையிலும் ரயில் நிலையத்திலும் நாற்பது வருஷம் நின்று பழகியவர். போய் நின்றுகொண்டார்.

அது வீட்டார் வரிசை. மூன்று மகன்கள், இரண்டு மருமகன்கள், ஆறாவதாக அருணகிரி.

சின்ன மருமகன் திரும்பிப் பார்த்தான். அந்த நேரத்தில் ஒருவரை விலகச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

காய்ப்பேறிய இரண்டு கைகள் அருணகிரி முன்னால் நீண்டன. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்றவன் செய்ததைப் பார்த்துத் தானும் தொட்டார். அடுத்து வேறு கைகள். பிறகு டீக்கடை வேலம்மாளின் வீட்டுக்காரர், தபால்காரர், ஊர்த் தலைவர். வந்தவர்கள் அவரைக் கண்டதும் ஒரு நொடி தயங்கினார்கள். ஆனாலும் நீட்டிய கையை ஒருவரும் பின்னால் இழுக்கவில்லை.

ஏழாவது ஆளோ எட்டாவது ஆளோ வந்தபோது தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. விலகிவிட நினைத்தார். கால் நகரவில்லை. பதினான்கு மாதமாக அவர் முன்னால் யாரும் இப்படிக் கையை நீட்டியதில்லை. அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

கடைசியாகச் சாமி வந்தார். மகன்களைக் கடந்தார், மருமகன்களைக் கடந்தார். தன்னைத் தனியே கூட்டிப்போகத்தான் வருகிறார் என்று அருணகிரி நினைத்தார்.

சாமி இரண்டு கைகளையும் நீட்டினார்.

அருணகிரி அவற்றைத் தொடவில்லை. இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு வாய்விட்டு அழுதார். அறுபத்து நான்கு வயது மனிதர் அப்படி அழுவதைப் பார்த்து, செத்தவரின் மகன்களே ஒரு நிமிஷம் தங்கள் துக்கத்தை மறந்து நின்றார்கள்.

பேச்சிமுத்து வரிசையிலிருந்து விலகி வந்தான்.

"சார், உங்களுக்கு யாரு சார்?"

"என் மக."

"கனடாவுல இருக்காளே, அந்தப் பிள்ளையா?"

"கனடாவுல இல்லப்பா. எங்கயுமே இல்ல. போன வருஷமே போயிட்டா."

ஏற்கெனவே கடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சிலர் எழுந்து திரும்ப வந்தார்கள். இந்தத் தடவை நேரே அவரிடம் வந்து கையை நீட்டினார்கள்.

திரும்பும்போது வாய்க்கால்கரை வரைக்கும் அருணகிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சாமிக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"நான் தப்பான வரிசையில நின்னேன். தள்ளி நில்லுன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்னுதான் வந்தேன். பக்கத்துல வந்து உங்க முகத்தைப் பாத்தேன்."

அருணகிரி நின்றுவிட்டார்.

"இன்னொருத்தர் சாவுல போய் என் மகளுக்கு அழுதுட்டு வந்திருக்கேன். எட்டு மாசமா இந்த ஊரையே ஏமாத்தியிருக்கேன். இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்க முன்னாடி போவேன்? நாளைக்குக் காலைல கிளம்பிடறேன் சாமி."

"போறதுன்னா போங்க. இன்னைக்குச் சாயங்காலம் மட்டும் வீட்டுல இருங்க."

"எதுக்கு?"

"ஆம்பளைய கேதம் கேட்டாச்சு. இனி பொம்பளைய வருவாவ."

"எங்க வீட்டுக்கா?"

"ஆமா."

"அவங்க யாரும் அவளைப் பார்த்ததுகூட இல்லையே சாமி."

"அதுக்குத்தான் சொல்லுதேன். வந்ததும் பிள்ளை பேரைக் கேப்பாவ. மறைக்காமச் சொல்லிருங்க அண்ணாச்சி. பேரு தெரியாம என்னன்னு கூப்பிட்டு அழுவாவ?"