சத்தம் போடாத குட்டி

மலையடிவாரத்தில் ஒரு செந்நாய்க் கூட்டம் இருந்தது. பகலெல்லாம் வேட்டை. பொழுது சாய்வதற்குள் வளைக்குத் திரும்பிவிடும்.

செந்நாய்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் வேட்டைக்குப் போனால் ஒருவர் குட்டிகளோடு வளையில் இருந்துவிட வேண்டும். திரும்பி வருகிறவர்கள் தின்ற கறியில் கொஞ்சத்தை அவருக்கும் கக்கிக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் காவலுக்கு இருந்தவன் கூளையன் என்ற கிழவன். காட்டுப்பன்றி கிழித்ததில் ஒரு பின்னங்கால் விளங்காமல் போய்விட்டது. ஓட முடியாது. குட்டிகள் அவன் மேல் ஏறும், காதைக் கடிக்கும், வாலைப் பிடித்து இழுக்கும். உறுமுவான். அதுதான் அவன் வேலை.

செவத்தான் என்ற இளம் நாய்க்கு இது பொறுக்கவில்லை. கூட்டத்திலேயே வேகமாக ஓடுகிறவன் அவன்தான்.

“ஓடி ஓடி மானை மடக்குறது நான். படுத்துக் கிடக்கிற பெரிசுக்கும் பங்கா?” என்றான்.

“ஒருநாள் நீ படுத்துப் பாரேன். உன் பிள்ளை என் காதைப் பாதி தின்னுட்டான்” என்றான் கூளையன்.

மற்ற நாய்கள் சிரித்தன. தன்னைப் பார்த்து யாராவது சிரித்தால் செவத்தானுக்கு ஆகாது. அன்றைக்கே மனைவி கருவாலியையும் ஒரே குட்டி சுண்டுவையும் இழுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனான். ஒரு பாறையின் அடியில் பழைய வளை ஒன்று கிடைத்தது. கூட்டம் இருந்த இடம் வெகுதூரமில்லை. இங்கிருந்து கத்தினால் அங்கே கேட்கும்.

விடிந்தது. பசித்தது. ஒற்றை நாயால் மானைப் பிடிக்க முடியாது. துரத்த ஒருவர், மடக்க ஒருவர் வேண்டும்.

“பிள்ளையை என்ன செய்யறது?” என்றாள் கருவாலி.

“தூங்குறான்ல?”

“முழிச்சா?”

“மறுபடி தூங்குவான். நீ வா.”

போனார்கள்.

சுண்டு விழித்தான். அம்மா இல்லை. அப்பா இல்லை. ஏறி விளையாடக் கூளையன் தாத்தாவும் இல்லை. அழுதான். யாரும் வரவில்லை. இன்னும் உரக்க அழுதான். மண்ணைப் பிறாண்டினான். படுத்த இடத்திலேயே அசிங்கம் செய்தான். தொண்டை கட்டும்வரை அழுதான்.

பக்கத்து வளையில் ஒரு முள்ளம்பன்றி குடியிருந்தது. சாயங்காலம் அது முட்களைச் சிலிர்த்துக்கொண்டு வந்து நின்றது.

“யோவ், நான் ராத்திரியெல்லாம் கிழங்கு தோண்டுறவன். பகல்லதான் எனக்குத் தூக்கம். பிள்ளையைப் பெத்தா பார்த்துக்கணும். இல்லேன்னா பெறக்கூடாது.”

செவத்தானுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

மறுநாளும் சுண்டு அழுதான். ஓடைக்கு அந்தப் பக்கம் கூளையனுக்கு அது கேட்டது. காவலை வேறொரு நாயிடம் ஒப்படைத்துவிட்டு, காலை இழுத்து இழுத்து வந்து சேர்ந்தான். வளை வாசலில் படுத்தான். சுண்டு ஓடிவந்து அவன் கழுத்துக்கடியில் புகுந்துகொண்டு அப்படியே தூங்கிப்போனான்.

சாயங்காலம் செவத்தான் அதைப் பார்த்தான்.

“மோப்பம் பிடிச்சு இங்கேயும் வந்தாச்சா? கறிக்குத்தானே?”

“நான் கறி கேட்கலையேடா.”

“இன்னிக்குக் கேட்க மாட்டே. நாளைக்குக் கேட்பே. நட.”

“என் மாமாங்க அவரு. இருந்துட்டுப் போகட்டுமே” என்றாள் கருவாலி.

“அப்போ நீயும் அவர்கூடப் போ.”

கூளையன் எழுந்தான். வந்த வழியே போனான்.

அதன் பிறகு செவத்தான் ஒரு சட்டம் போட்டான். குட்டியைப் பிடரியில் கவ்வி உலுக்கிவிட்டுச் சொன்னான்:

“நாங்க இல்லாதப்போ அழுதா அன்னிக்குக் கறி கிடையாது. புரியுதா?”

சுண்டுவுக்குப் புரியவில்லை. மறுநாள் அழுதான். சாயங்காலம் செவத்தான் முள்ளம்பன்றியிடம் போய்க் கேட்டான். அழுதான் என்றது. கறி இல்லை. அடுத்த நாளும் அழுதான். கறி இல்லை. கருவாலி தெரியாமல் கொஞ்சம் கக்கிக் கொடுக்கப் பார்த்தாள். செவத்தான் பல்லைக் காட்டினான்.

பிறகு சுண்டுவுக்குப் புரிந்துவிட்டது.

அழுகை நின்றது. விடிந்ததும் மூலையில் போய்ப் படுத்துக்கொள்வான். முன்னங்காலை நக்குவான். நக்கி நக்கி அங்கே முடி உதிர்ந்து சதை சிவந்துவிட்டது.

“பார்த்தியா, பழகிட்டான். இவ்வளவுதான் விஷயம். இதுக்கு ஒரு காவலாளி, அவனுக்கு ஒரு பங்கு” என்றான் செவத்தான்.

“நாம வந்தா இப்பல்லாம் ஓடிவர மாட்டேங்கிறான். வாலைக்கூட ஆட்டறதில்லை. காலைப் பாருங்க.”

“பல்லு முளைக்குது. அப்படித்தான் இருக்கும்.”

ஓடைக்கு அந்தப் பக்கம் கூளையனும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தான். சத்தம் கேட்கவில்லை. ஒருத்தராவது வீட்டில் தங்க ஆரம்பித்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வாரமே மலைப்பாம்பு வந்தது.

அது அவசரப்படவில்லை. வாசலில் தலையை வைத்தது. நாக்கை நீட்டிப் பார்த்தது. உள்ளே ஒரு குட்டி. வேறு யாரும் இல்லை.

“தனியாவா இருக்கே?” என்றது.

சுண்டு தலையாட்டினான்.

“அம்மா எங்கே?”

“வேட்டைக்கு.” சுண்டு மெதுவாகத்தான் பேசினான்.

மலைப்பாம்பு இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது. வாசல் இருண்டுபோயிற்று. சுண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

மலைப்பாம்புக்கே ஆச்சரியம். இந்நேரம் கத்தியிருக்க வேண்டும். கத்தினால் பக்கத்தில் முள்ளம்பன்றி விழிக்கும். ஓடைக்கு அப்பால் நாய்களுக்குக் கேட்கும். அந்தக் கூட்டம் வந்தால் தன் தோல் மிஞ்சாது என்று அதற்குத் தெரியும். பாதி உடம்பு இன்னும் வெளியே கிடந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தது.

“நீ கத்த மாட்டியா?”

“கத்தினா கறி கிடையாது” என்றான் சுண்டு.

“நல்ல பிள்ளை” என்றது மலைப்பாம்பு.

அன்றைக்கு நல்ல வேட்டை. செவத்தான் மான் தொடை ஒன்றை வாயில் தூக்கிக்கொண்டு வந்தான். வாசலில் அதைப் போட்டுவிட்டு, “சுண்டு, வெளியே வா. இது முழுக்க உனக்குத்தான்” என்றான்.

கருவாலி உள்ளே போனாள். வெளியே வரவில்லை. உள்ளிருந்து அவள் ஊளைதான் வந்தது.

மலைப்பாம்பு வயிறு புடைத்து, நகர முடியாமல் பாறைக்குப் பின்னால் கிடந்தது. செவத்தான் அதைக் கிழித்துக் கொன்றான். கொன்று என்ன பயன்?

முள்ளம்பன்றியிடம் ஓடினான். “பக்கத்திலேதானே இருந்தே?”

“தூங்கிட்டிருந்தேன். ஒரு சத்தமும் வரலையே” என்றது அது.

ஊளை கேட்டு, காலை இழுத்துக்கொண்டு கூளையன் வந்து சேர்ந்தான். கூட்டமும் பின்னால் வந்தது. செவத்தான் அவன் மேல் பாய்ந்தான்.

“முன்னே கூப்பிடாமலே வந்தியே, இன்னிக்கு ஏன் வரலை?”

“முன்னே அவன் கூப்பிட்டான்டா” என்றான் கூளையன்.



கருவாலி வளையை விட்டு வெளியே வந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. மாமாவின் பின்னால் ஓடையைத் தாண்டிப் போனாள். கூட்டமும் போய்விட்டது. மான் தொடை வாசலிலேயே கிடந்தது. எறும்பு ஏறியது. செவத்தான் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தனியே விட்ட பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டால் பழகிவிட்டது என்று மார்தட்டாதே. கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று அதற்குத் தெரிந்துபோயிற்று என்றுதான் அர்த்தம்.