கண்ணை மூடி வைத்த பாஸ்வேர்டு

ஆலம்பாறை ஊரில் ஒரு ஊதுபத்திக் கம்பெனி. தெருமுனையில் இறங்கினாலே வாசம் ஆளைத் தூக்கும். உள்ளே போய் கம்ப்யூட்டர் அறையை எட்டிப் பார்த்தால் வேறு மாதிரி தூக்கிவாரிப் போடும். அங்கேதான் தவசிமணி, எபனேசர், கனியப்பன் என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். பார்த்தார்கள் என்றால் உண்மையாகவே பார்த்தார்கள். வேலையைச் செய்தது செண்பகவல்லி ஒருத்திதான்.

அந்தச் செண்பகவல்லி தம்பி கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டாள். தவசிமணி காலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏனென்றால் வெள்ளிக்கிழமை தலைமை ஆபீசிலிருந்து வைகுண்டராமன் என்ற பெரிய அதிகாரி சோதனைக்கு வருகிறார். எல்லாம் ஒழுங்காக இருந்தால் தவசிமணி வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாமாவின் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போக வேண்டியதுதான். மாமா கூடையைக்கூட வாங்கி வைத்துவிட்டார்.

பஸ் ஏறும்போது செண்பகவல்லி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னாள். "எது மக்கர் பண்ணாலும் பதறாதீங்கடே. ஒருதரம் நிறுத்திட்டு மறுபடி போடுங்க, சரியாயிரும். கம்பெனிக் கணக்கையெல்லாம் நகல் எடுத்து வச்சிருக்க டிஸ்க்கை ஆபீசுக்குள்ள வைக்காதீங்க, தீ அண்டாத இடமாப் பாத்து வைங்க. அப்புறம் அந்தப் பாஸ்வேர்டை மாத்திருங்க. புதுசு யாருக்கும் தெரியக் கூடாது, சொல்லிட்டேன்!"

"சொன்ன சொல்லு தப்பாம செய்வோம் அக்கா," என்றான் தவசிமணி. அப்படியே செய்தான். அதுதான் வினை.

மறுநாள் காலையில் பிரிண்டர் காகிதத்தைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. நிறுத்திப் போட்டார்கள். துப்பிவிட்டது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்கள். மின்விசிறி கிறீச்சிட்டது, நிறுத்திப் போட்டார்கள். டீ ஆறிப்போனது என்று கனியப்பன் சொன்னபோது ஃபிளாஸ்க்கில் சுவிட்சைத் தேடினார்கள்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் கோமதிநாயகம் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "வேலை செய்யுதீங்களா, விளையாடுதீங்களா?" என்று கத்த ஆரம்பித்தார். கத்தினார், கத்தினார், நிற்கவே இல்லை.

எபனேசர் மெதுவாகக் கேட்டான், "மாப்ள, சார் மக்கர் பண்ணுதாரோ?"

"ஆமா. ஆனா அக்கா மிஷினத்தான சொன்னாங்க?" என்றான் கனியப்பன்.

"எது மக்கர் பண்ணாலும்னுதான் சொன்னாங்க," என்றான் தவசிமணி. "சார் அந்த 'எது'க்குள்ள வர மாட்டாரா?"

யோசித்துப் பார்த்தால் வருவார் போலத்தான் இருந்தது. நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் வெளி வெயிலில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடி தூக்கி வந்து பழைய இடத்திலேயே வைத்தார்கள். மேனேஜர் வாயைத் திறந்தபடி இருந்தாரே தவிர, சத்தம் வரவில்லை.

"சரியாயிட்டாரு," என்றான் எபனேசர்.

அடுத்து டிஸ்க். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பெரிய விவாதம்.

"எங்க வீட்டுல வைக்கலாம்," என்றான் கனியப்பன்.

"உங்க வீட்டுல அடுப்பு எரியுமா எரியாதா?"

"எரியும்."

"போச்சு. டீக்கடையிலயும் அடுப்பு. கோயில்ல கற்பூரம். எங்க சர்ச்சுல மெழுகுவத்தி," என்று எபனேசர் விரல் மடக்கினான். "இந்த ஊருல தீ இல்லாத இடமே கிடையாது போலிருக்கே!"

தவசிமணி தாடையைச் சொறிந்தான். "தீயே வரப் பயப்படுத இடம் ஒண்ணு இருக்கு. ஆபீசுக்குப் பின்னால வாங்க."

பின்னால் கிணறு இருந்தது. வாளியில் டிஸ்க்கை வைத்துக் கயிற்றை விட்டார்கள். வாளி தண்ணீரைத் தொட்டதும் கனியப்பனுக்குச் சந்தேகம். "ஏலே, தண்ணி பட்டாக் கெட்டுப்போவாதா?"

"அக்கா தீயைப் பத்தித்தான் சொன்னாங்க. தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

"சொல்லல."

"அவங்க சொல்லாததை நாமளா யோசிக்க நமக்கு என்ன அதிகாரம் இருக்கு?"

கனியப்பன் வெட்கப்பட்டுக் கயிற்றை முழுசாக விட்டான். களக் என்று ஒரு சத்தம். கம்பெனிக் கணக்குகள் பத்திரமாகிவிட்டன.

மிச்சம் இருந்தது பாஸ்வேர்டு. எபனேசரும் கனியப்பனும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள். தவசிமணி விரலைத் தூக்கினான். தூக்கிய விரல் அப்படியே நின்றது.

"மாப்ள, ஒரு சிக்கல். யாருக்கும் தெரியக் கூடாதுல்ல?"

"கூடாது," என்றது சுவர்ப்பக்கம்.

"நானும் ஒரு ஆளுதான?"

இருவரும் திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். "ஆளு மாதிரிதான் இருக்க," என்றான் எபனேசர்.

"அப்ப எனக்கும் தெரியக் கூடாதே!"

துண்டை எடுத்துக் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டான். கீபோர்டில் கோழி கிளறுகிற மாதிரி கிளறினான். மறுபடி ஒருதரம் அடி என்று கம்ப்யூட்டர் கேட்டது. மறுபடியும் கிளறினான். விரல்கள் முதல்தரம் விழுந்த இடத்திலேயே விழுந்தன. அதை அவன் அதிர்ஷ்டம் என்பதா, கம்பெனியின் துரதிர்ஷ்டம் என்பதா? பூட்டு விழுந்தது.

வெள்ளிக்கிழமை வைகுண்டராமன் வந்தார். தங்க ஃபிரேம் கண்ணாடி, இடுங்கிய கண். மேனேஜர் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தவசிமணி கண்ணுக்கு முட்டைக்கூடை தெரிந்தது.

"பாஸ்வேர்டு என்னப்பா?"

"சொல்லக் கூடாது சார்."

"நான் அதிகாரி."

"நீங்களும் ஒரு ஆளுதான சார்?"

"சரி, நீயே திறந்து காட்டு."

"எனக்கும் தெரியாது சார்."

"பின்ன யாருக்குத்தான் தெரியும்?"

"யாருக்குமே தெரியாது சார். உத்தரவு அப்படி."

மேனேஜர் தலையில் கையை வைத்தார். வைகுண்டராமன் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணில் தண்ணீர் நின்றது. "ஒவ்வொரு ஆபீசுலயும் பாஸ்வேர்டைச் சீட்டுல எழுதி மானிட்டர்லயே ஒட்டி வச்சிருக்கானுவ. இப்படி ஒரு காவல் நான் பாத்ததே இல்ல! திருடன் உன்னக் கட்டி வச்சு அடிச்சாலும் உன்னால காட்டிக்குடுக்க முடியாதே!"

"ஆசைப்பட்டாலும் முடியாது சார்," என்றான் தவசிமணி அடக்கமாக.

டிஸ்க் எங்கே என்று கேட்டார். கிணற்றைக் காட்டினார்கள். எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள எந்தத் தீ வந்துரும்!" என்று மெச்சினார். "தம்பி, திங்கக்கிழமை தலைமை ஆபீசுக்கு வா. அங்கேயும் இதே மாதிரி ஒரு பாஸ்வேர்டு வச்சுக் குடு. அங்கேயே ஆர்டரையும் வாங்கிக்க."

திங்கட்கிழமை தலைமை ஆபீசே திரண்டு நின்றது. வைகுண்டராமன் ஆர்டரைத் தவசிமணியின் சட்டைப்பையில் தன் கையாலேயே செருகினார். "இனிமே நீ நிரந்தரம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. போன்ல எவன் கூப்பிட்டாலும், ஆள் இன்னாருன்னு உறுதியாத் தெரியாம ஒரு வார்த்தை சொல்லாத."

"சொல்ல மாட்டேன் சார்," என்ற தவசிமணி எல்லாரையும் பார்த்து, "கண்ணை மூடுங்க. நான் சொல்லுத வரைக்கும் ஒருத்தரும் திறக்கக் கூடாது," என்றான். மூடினார்கள். தானும் துண்டைக் கட்டிக்கொண்டு கிளறி முடித்தான். பிறகு துண்டை அவிழ்த்து, அத்தனை பேர் அமைதியாக நிற்கும்போது சத்தம் போடுவது மரியாதை இல்லை என்று கதவை மெள்ளச் சாத்திவிட்டு, மத்தியானப் பஸ்ஸைப் பிடித்தான்.

பாதி வழியில் போன் அடித்தது.

"தம்பி, வைகுண்டராமன் பேசுதேன். ரொம்ப நேரமாச்சு. கண்ணைத் திறக்கலாமா?"

தவசிமணி உஷாரானான். "நீங்க சார்தான்னு நான் எப்படி நம்புதது? பக்கத்துல இருக்கவங்களை உங்க முகத்தைப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் குசுகுசுவென்று பெரிய ஆலோசனை நடந்தது. யாரோ யாருடைய மூக்கையோ தடவிப் பார்ப்பதும் கேட்டது. கடைசியில் பரிதாபமாக ஒரு குரல் வந்தது. "பாக்கணும்னா கண்ணைத் திறக்கணுமே தம்பி!"

"அப்ப ஆள் யாருன்னு உங்களுக்கே உறுதி இல்ல," என்று சொல்லித் தவசிமணி போனை வைத்தான். பக்கத்து சீட்டுக்காரரிடம் திரும்பி, "பாத்தீங்களா அண்ணாச்சி, வேலை நிரந்தரமாகி ஒரு பொழுது ஆகல, அதுக்குள்ள ஏமாத்தப் பாக்கானுவ," என்றான்.