மேலத்தெருவில் சாமி நின்றது

இதை நான் நேரில் பார்க்கவில்லை. கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்த சிவசைலம் சொன்னது. அவனுக்கு அவன் அத்தை சொன்னது. அவர்கள் சொன்னதற்கு மேல் ஒன்றும் சேர்க்காமல் எழுதப் பார்க்கிறேன்.

தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர். அங்குள்ள சிவன் கோயில் பல்லக்கின் முன்தண்டை முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோளில் சுமந்தவர் கோமதிநாயகம். அவர் முன்தண்டில் இருந்தால் கோயில் வாசலில் கிளம்பும் பல்லக்கு ஆற்று மண்டபத்தில்தான் இறங்கும். நடுவில் எங்கும் நிற்காது. ஊரே அதைப் பெருமையாகச் சொல்லும்.

அந்த ஆண்டு அவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. இனி பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அவருடைய குரு உலகம்மை, ஆற்றோரம் ஒரு சிறிய மடத்தில் இருந்தார். சீடரைவிட வயதில் இளையவர். திருவிழாவுக்கு முந்தின நாள் கோமதிநாயகம் அவர் முன்னால் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"சாமி என்னை வேண்டாம்னுட்டாரு தாயி."

"அவரே சொன்னாரா?"

"முழங்கால் சொல்லுது."

"முழங்கால் பேச்சை என்னைக்குக் கேட்டீங்க அய்யா, இன்னைக்குக் கேக்க?"

அவர் சிரிக்கவில்லை.

"விளையாடாதீங்க. தண்டு தோள்ல ஏறுச்சுன்னா, கூப்பிடுதாருன்னு எனக்குத் தெரியும். வேற விதமாத் தெரிஞ்சுக்க எனக்குத் தெரியாது. இனிமே அவர் கூப்பிட்டா நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? கூப்பிடாமலே விட்டுட்டாருன்னா?"

உலகம்மை அவர் தோளைப் பார்த்தார்.

"நாளைக்கு ஆயக்கால் பிடிங்க."

ஆயக்கால் என்பது தலையில் கவை உள்ள உறுதியான கழி. பல்லக்கு நிற்கும்போது தண்டுக்கு முட்டுக் கொடுக்கும். சுமப்பவர்கள் தோளை எடுத்துக்கொள்ளலாம், சாமி தரையில் இறங்காது.

"அது தோள் முத்தாத பயலுவ வேலை."

"தெரியும்."

"எங்க பல்லக்குக்கு அது சும்மா கூட வரும். வழியில ஊன்றினதே கிடையாது."

"அதுவும் தெரியும். பிடிங்க."

மறுநாள் முன்தண்டில் அவர் தங்கை மகன் இசக்கி நின்றான்.

"மாமா, பாத்து. கம்பு கனத்துரப்போவுது" என்றான். சுமப்பவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

கோமதிநாயகம் ஆயக்காலை எடுத்துக்கொண்டார். பழக்கத்தில், தண்டு உறுத்தாமல் இருக்க மடித்துப் போடும் துண்டைத் தோளில் போட்டு வந்திருந்தார். அப்போதுதான் அதைக் கவனித்தார். எடுக்கவும் மனம் வரவில்லை.

பல்லக்கு மேலத்தெருவுக்குள் திரும்பியது. மேளம் முன்னால் வெகுதூரம் போய்விட்டது. அவர் காதில் காலடிகள் விழுந்தன. எல்லாரும் ஒன்றுபோல வைக்கிற அடியில் ஒரு கால் மட்டும் தரையில் இழுபட்டது. இசக்கியின் கால்.

அவன் நிற்கச் சொல்ல மாட்டான். முன்தண்டுக்காரன் நிற்கச் சொல்வது அந்த ஊரில் இல்லை. இல்லாமல் ஆக்கியவர் கோமதிநாயகம்தான்.

"நில்லுங்கலே!"

கவையைத் தண்டுக்கு அடியில் கொடுத்து ஊன்றினார். மற்ற ஆயக்கால்களும் ஊன்றின. தோள்கள் விலகின. சாமி நின்றார்.

இசக்கிக்கு மூச்சு வாங்கியது. "எப்படி மாமா தெரிஞ்சது? இன்னும் பத்தடி வச்சிருந்தா விழுந்திருப்பேன்."

"உன் கால் சொல்லுச்சுல்ல."

அந்தத் தெருவில் சாமி நின்று யாரும் பார்த்ததில்லை. முதலில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"ஏட்டி, சாமி நிக்காரு! நம்ம தெருவுல நிக்காரு!"

ஒரு பெண் போட்ட சத்தத்தில் கதவுகள் திறந்தன. யாரிடமும் தேங்காய் இல்லை, பூ இல்லை. ஒருத்தி கையில் கிடைத்த ஒற்றை வாழைப்பழத்தோடு ஓடிவந்தாள். கோயிலுக்கு நடக்க முடியாமல் கிடந்த ஒரு தகப்பனைப் பிள்ளைகள் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். குருக்கள் கற்பூரம் ஏற்றினார். தெரு முழுவதும் குலவைச் சத்தம் எழுந்தது.

ஆயக்காலைப் பிடித்தபடி கோமதிநாயகம் சாமியின் முகத்தைப் பார்த்தார். முன்தண்டில் இருந்தவரை சாமி அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தார்.

மண்டபத்தில் உலகம்மை காத்திருந்தார்.

"தாயி, தோள்ல பாரமே இல்ல. ஆனா கூப்பிட்டாரு, கேட்டுச்சு. அந்தத் தெருவுல இத்தனை வருசமும் கூப்பிட்டிருப்பாரே. நான் பாட்டுக்குத் தூக்கிட்டு ஓடிட்டேனே."

உலகம்மை அவர் தோளில் மடித்துக் கிடந்த துண்டை எடுத்தார். உதறி, முகம் துடைக்கக் கொடுத்தார்.

"அன்னைக்குத் தோளைக் கேட்டாரு, குடுத்தீங்க. அதுல குறை ஒண்ணும் இல்ல. நாளைக்கு வேற எதையாவது கேப்பாரு, தோளையே தடவிப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க, அய்யா."

சிவசைலம் சொன்னது இவ்வளவுதான். இந்த ஆண்டு திருவிழாவுக்கு நானே போய்ப் பார்த்தேன். பல்லக்கு மேலத்தெருவுக்குள் திரும்பும் முன்பே ஒவ்வொரு வாசலிலும் தேங்காய்த் தட்டு இருந்தது.