பட்டினியில் வந்த கல்

பொன்னுரங்கம் லாரி ஓட்டியவர். வண்டியிலேயே தின்று, வண்டியிலேயே தூங்கி, அடிக்கடி இறங்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டு காலம் தள்ளியவர். மனைவி செண்பகம் இறந்தபிறகு வீடு திரும்ப வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. உடம்பு பெருத்துக்கொண்டே போனது. சிறுநீரகத்தில் கல் வந்தது. ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். மறுபடியும் வந்தது.

மலையடிவாரத்தில் வைத்தியம் பார்த்துவந்த தில்லைநாயகியிடம் நோயாளியாக வந்தவர், வலி தீர்ந்தும் கிளம்பவில்லை. மருந்து இடித்துக் கொடுத்துக்கொண்டு சீடராகவே தங்கிவிட்டார். குரு அவரைவிட வயதில் சிறியவர்.

தன் உடம்பைப் பார்த்து யாராவது சிரிப்பார்களோ என்று அவருக்குக் கூச்சம். அங்கே தங்கியிருந்த எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகுதான் சமையற்கட்டில் இலை போட்டுக்கொள்வார். எவ்வளவு சாப்பிடுகிறார் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது.

ஒருநாள் மருந்துப்பொடி சலித்துக்கொண்டிருந்த குருவிடம் கேட்டார்.

“கல் இருக்கறது சிறுநீரகத்துல. வயிறு பெருத்ததுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“உடம்பு பெருக்கப் பெருக்க சிறுநீர்ல அமிலம் கூடும். அதுல சில உப்பு கரையாது. கரையாதது கல்லாகும்.”

“அப்ப உடம்பு குறைஞ்சா?”

“மெதுவா குறைஞ்சா நல்லது.”

‘மெதுவா’ என்ற சொல் பொன்னுரங்கத்தின் காதில் ஏறவில்லை.

மறுநாளே சாப்பாட்டை நிறுத்தினார். தண்ணீரும் பேருக்குத்தான். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவர் சாப்பிடுவதை யாரும் பார்த்ததில்லையே. வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கியபோது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதைச் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. செண்பகம் இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பார்.

ஒரு காலையில் முதுகிலிருந்து அடிவயிறுவரை வலி இழுத்தது. மருந்து உரலுக்குப் பக்கத்திலேயே விழுந்து புரண்டார். குரு வண்டி பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கல் வெளியேறி, வெளுத்துப்போன முகத்தோடு திரும்பி வந்தார்.

“தின்னப்பவும் வந்துச்சு. பட்டினி கிடந்தப்பவும் வந்துச்சு. இந்தக் கல்லுக்கு என்னதாம்மா வேணும்?”

“சோறு வரலைன்னா உடம்பு தன்னையே எரிக்கும். அந்தக் கழிவும் அதே வழியாத்தானே போகணும். நீங்க தண்ணியும் குடிக்கல.”

“அப்ப ஒரு அளவு சொல்லுங்க. எவ்வளவு சாப்பிடணும்?”

குரு எழுந்து அவரைச் சமையற்கட்டுக்கு அழைத்துப்போனார். இரண்டு இலை போட்டுப் பரிமாறினார். செம்பு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

பொன்னுரங்கம் குனிந்த தலை நிமிராமல் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார்.

“உங்க வீட்டுக்காரம்மா பேரு என்ன?”

கை நின்றது.

“செண்பகம்.” அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.

“நல்லா சமைப்பாங்களா?”

“அவளா? ஒண்ணும் வராதும்மா.” சிரிப்பு வந்துவிட்டது. “ரசத்துல உப்புப் போட மறந்துடுவா. கேட்டா, ஊரெல்லாம் ஓட்டல்ல தின்னு உங்க நாக்குதான் செத்துப்போச்சுன்னு என்மேலயே பழியைப் போடுவா.”

பேசிக்கொண்டே போனார். சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இடையிடையே தண்ணீர் குடித்தார். இரண்டு வாய் சாப்பிட்டார், மறுபடியும் பேசினார். பேச்சு ஓய்ந்தபோது இலையைப் பார்த்தார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. இன்னும் வேண்டும் என்று தோன்றவில்லை.

“அளவு கேட்டீங்களே,” என்றார் குரு. “இன்னைக்கு இதுதான்.”

பொன்னுரங்கம் இலையை மூடினார். ஆனால் எழுந்திருக்கவில்லை. சின்னக் குரலில் கேட்டார்.

“நாளைக்கு நான் யார்கூடம்மா சாப்பிடுவேன்?”

“இப்பத்தான் நீங்க நோயைச் சொல்லியிருக்கீங்க,” என்றார் குரு.