சந்தை முனைக் கல்

"அம்மை, ஊரே என் கல்லைப் பார்க்க வருகிறது. ஒருத்தர் கண்ணிலும் ஈரம் இல்லை."

சிற்பி வெண்காடர் இப்படி வந்து முறையிட்டபோது பூரணத்தம்மை சாவடி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைவிட வயதில் இளைய துறவி. ஆனாலும் மனம் தாங்காதபோதெல்லாம் அவர் அவளிடம்தான் வந்து நிற்பார்.

தாங்காமல் போகக் காரணம் இருந்தது. போன சித்திரையில் குதிரைக் கொள்ளையர் சந்தைக்குள் புகுந்து, கண்ணில் பட்டவர்களையெல்லாம் வெட்டிப் போட்டார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த அவர் மகள் கோமளம், மாங்காய் வாங்கப் போனவள், வயிற்றுப் பிள்ளையோடு அங்கேயே விழுந்தாள்.

செத்தவர்களை ஊர் என்றைக்கும் மறக்கக் கூடாது என்று, சந்தை முனையில் ஆளுயரக் கல் ஒன்றை நிறுத்தினார் வெண்காடர். அன்றைக்கு நடந்த கோரம் அத்தனையையும் அதில் செதுக்கியிருந்தார்.

"பார்க்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்?"

"குதிரை அச்சு அசலாக இருக்கிறதாம்."

"குதிரைமேல் இருக்கிறவன்?"

"அவனையும்தான் மெச்சுகிறார்கள்."

அம்மை கீரையை ஒதுக்கி வைத்தாள்.

"வாரும், போய்ப் பார்ப்போம்."

கல்லடியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு நான்தான் குதிரைக்காரன்!"

"நேத்தும் நீதானேடா!"

ஒரு சிறுமி பாவாடைக்குள் துணியைத் திணித்து வயிறு வைத்திருந்தாள். அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

"போங்கடா, தினமும் நானே சாகணுமா?"

வெண்காடர் கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். பிள்ளைகள் மூலைக்கொருவராய் ஓடிப்போனார்கள்.

அம்மை கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். குதிரைக்காரனின் மீசை முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. குதிரைக் காலடியில் விழுந்து கிடந்த கோமளத்தின் முகத்தைக் கூந்தல் மூடியிருந்தது.

"இவள் முகம் எங்கே?"

"வரவில்லை, அம்மை. அவள் முகத்தில் உளியை வைத்தால் கை ஓடுவதில்லை. அவனை நினைத்தால் மட்டும் சோறு தண்ணீர் இல்லாமல் ஓடுகிறது."

சொல்லிவிட்டு, பீட வேலைக்கென்று அங்கே கிடந்த சம்மட்டியைத் தூக்கினார்.

"உடைத்துப் போடுகிறேன்."

"பொறும்."

சாலையில் ஒருத்தி விறகுச் சுமையோடு வந்துகொண்டிருந்தாள். நிறைமாதம். இறக்கினால் திரும்பத் தூக்கிவிட ஆள் கிடைக்காது என்று இறக்காமலே நடந்து வந்திருக்கிறாள், பாவம். கல்லில் ஒரு கையை ஊன்றி மூச்சு வாங்கினாள். செதுக்கியிருந்த எதையும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அம்மை ஓடிப்போய்ச் சுமையைத் தன் தோளுக்கு வாங்கிக்கொண்டாள். தாங்கியபடியே கேட்டாள்.

"இவளுக்கு உம் கல்லில் இடம் இருக்கிறதா, வெண்காடரே?"

சம்மட்டி தாழ்ந்தது.

பிள்ளைத்தாய்ச்சி இறந்துபோனால் வழியோரத்தில் சுமைதாங்கி வைப்பது அந்தச் சீமையின் வழக்கம். இரண்டு தூண்கள்மேல் தோள் உயரத்தில் ஒரு கல் கிடக்கும். போகிற வருகிறவர்கள் சுமையை அதில் சாய்த்து இளைப்பாறலாம். எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். இத்தனை பெரிய சிற்பிக்கு மட்டும் அது மறந்தே போயிருந்தது.

மறுநாளே குதிரைக்காரனைக் கொத்திக் கொத்தித் தூளாக்கினார். மீந்த கல்லை, மகளைச் செதுக்கியிருந்த பக்கம் கீழே வரும்படி, இரண்டு தூண்கள்மேல் படுக்க வைத்தார். அன்று செத்தவர்கள் பெயரையெல்லாம் அந்தத் தூண்களில் வெட்டினார். கோமளத்தின் முகம் அப்போதும் அவருக்கு வரவில்லை.

மழைக்காலம் முடிந்து சந்தை மறுபடி கூடியது. வெளியூர் உப்புக்காரி ஒருத்தி மூட்டையை அந்தக் கல்லில் சாய்த்து, "அப்பாடா" என்று முதுகை நிமிர்த்தினாள். சுமைதாங்கி நிற்கிறதென்றால் எவளோ சூலியாகச் செத்திருக்கிறாள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லைத் தடவிக் கொடுத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"யாரு பெத்த புள்ளையோ!"

தூணோரம் குந்தியிருந்த வெண்காடர் தலையைத் தூக்கினார்.

"நான் பெத்த புள்ளம்மா."