பத்தர் ராவாமல் விட்டது

வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையில் கொடுத்த பதக்கங்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்ப்பதே மழவராயருக்குப் பொழுதுபோக்கு. "பார்த்துட்டுத் தர்றேன்" என்று வாங்குவார், திருப்பித் தரமாட்டார். விளிம்பில் பொறித்திருந்த பேர்களை நகை செய்யும் பத்தரைக் கொண்டு அரத்தால் ராவிவிட்டு, பதினொன்றும் தன் தாத்தா வாங்கியவை என்று கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருந்தார்.

அதில் ஒன்று அவர் வீட்டுச் சமையற்காரி செங்கமலத்தின் தாத்தாவுடையது. கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். தாசில்தார் விருந்துக்கு வந்த அன்று மறுபடியும் கேட்டாள்.

மழவராயர் சிரித்தார். "எல்லாத்துலயும் ஒரே ராசா தலைதான். தொடாம உன்னோடதைக் காட்டு, பார்ப்போம். தப்பினா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

"சரிங்க எசமான். உங்க தாத்தா சண்டையில என்ன பண்ணினாருங்க?"

"குதிரைமேல வாளோட முன்னால நின்னாரு!"

"அப்ப தாசில்தார் ஐயாவை விளிம்பைப் படிக்கச் சொல்லுங்க. பேரை மட்டுந்தான் ராவினதா, நான் சோறு போட்டப்பவே பத்தர் சொன்னாரு. பேருக்குப் பக்கத்துல பொறிச்சிருக்கிற, அவங்கவங்க சண்டையில பார்த்த வேலை அப்படியே இருக்காம். சமையல்காரர்னு இருந்தா எங்க தாத்தாவோடது. இல்ல, அடுப்பு ஊதினது உங்க தாத்தாதான்னா நீங்களே வெச்சுக்குங்க."

தாசில்தார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். "தண்ணி சுமந்தவர்... கோவேறு கழுதை ஓட்டினவர்... துணி வெளுத்தவர்... இதோ, சமையல்காரர்." அப்புறம் நிமிர்ந்தார். "ஏன் மழவராயரே, இத்தனை வேலைக்கு நடுவுல தாத்தாவுக்குக் குதிரை ஏற எப்போ நேரம் கிடைச்சுது?"

மழவராயர் பதக்கத்தை எடுத்து நீட்டினார். செங்கமலம் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, தாசில்தாருக்கு ரசம் ஊற்றப் போனாள்.